உண்டியல் முகம்

அவள் முகத்தைப் பார்க்காதவர் அந்த ஊரில் யாரும் இல்லை. அவளைத்தான் யாருக்கும் தெரியாது. மருந்துக் கடை, டீக்கடை, துணிக்கடை, பல் டாக்டர் வீட்டு வரவேற்பு மேசை என்று எங்கெல்லாம் சில்லறை புழங்குமோ அங்கெல்லாம் ஒரு பச்சைத் தகர உண்டியல் உட்கார்ந்திருக்கும். தலையில் காசு போட ஒரு கீறல், வயிற்றில் ஒட்டிய ஒரு படம். படத்தில் கலைந்த தலையோடு ஒரு பெண், அவள் மடியில் வாய் கிழிய அழுகிற கைக்குழந்தை. கீழே கொட்டை எழுத்தில், "இவர்கள் இன்று சாப்பிட்டார்களா?" என்று ஒரு கேள்வி. அந்தப் பெண் இவள்தான். தெருவில் இவளுக்கு உண்டியல் அக்கா என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள், முதுகுக்குப் பின்னால் வேறு பெயர் கிடையாது.

படம் வந்த கதை இதுதான். புருஷன் சாரத்தில் ஏறிக் கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். ஒரு நாள் சாரக் கயிறு அறுந்து விழுந்தான். வேலைக்குக் கூட்டிப்போன மேஸ்திரி ஆஸ்பத்திரி வாசல்வரை வந்தான், உள்ளே வரவில்லை, அதற்குப் பிறகு அவன் இருந்த திசையே தெரியவில்லை. புருஷன் சில மாதம் படுக்கையில் கிடந்து, பெண் பிறந்ததைப் பார்த்துவிட்டுப் போய்ச் சேர்ந்தான். சொந்தபந்தமெல்லாம் சாவு வீட்டில் ஒப்பாரி வைத்ததோடு சரி. உயிரோடு இருக்கிற பசிக்கு அழ யாருக்கும் நேரம் இல்லை.

அப்போதுதான் அறக்கட்டளை வந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும். அவர்கள் கொடுத்த அரிசியும் பருப்பும் எண்ணெயும் இல்லாவிட்டால் தாயும் மகளும் இன்றைக்கு இல்லை. பால் பவுடர் கொடுத்தார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது மருந்துக்குக் கொடுத்தார்கள். அந்த நன்றியை அவள் ஒருநாளும் மறந்ததில்லை. மறக்கத்தான் விடுவார்களா?

முதல் அரிசிப் பை வாங்கப் போன அன்றே படம் எடுத்தார்கள். கிடங்கில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே உட்காரச் சொன்னார்கள். அவளுக்குப் பால் வற்றிப் போயிருந்தது, குழந்தை வீல் வீலென்று கத்தியது. "எடுத்துக்கலாமாம்மா?" என்று ஒருவர் மரியாதையாகத்தான் கேட்டார். சோற்றுக்காக நிற்கிறவளிடம் கேட்கிற கேள்வியா அது! தலையாட்டினாள். படத்தில் அவள் கண் மேலே பார்த்தபடி இருக்கும். வானத்தைப் பார்த்துக் கடவுளிடம் முறையிடுகிறாள் என்று பார்த்தவர்கள் எல்லாரும் உருகினார்கள். அவள் கடவுளைப் பார்க்கவில்லை. ஏணியில் ஏறிய ஆள் பரணிலிருந்து பால் பவுடர் டப்பாவை ஒற்றைக் கையால் எடுத்துக்கொண்டிருந்தான். கீழே போட்டுவிடப் போகிறானே என்று அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழந்தை நடக்க ஆரம்பித்ததும் அவளுக்கு ஒரு லாண்டரியில் வேலை கிடைத்தது. முதல் சம்பளம் வாங்கிய கையோடு அறக்கட்டளைக்குப் போய், "இனிமே எங்களுக்கு வேணாங்க, இல்லாதவங்க யாருக்காவது குடுங்க" என்றாள். எல்லாரும் கைதட்டினார்கள். செயலாளர் அம்மா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பை அன்றோடு நின்றது. படம் நிற்கவில்லை.

லாண்டரி வேலை என்றால் வீட்டில் துணி துவைக்கிற மாதிரி இல்லை. ஊரிலுள்ள லாட்ஜுகளின் படுக்கை விரிப்பெல்லாம் அங்கேதான் வரும். ஆள் உயர இரும்பு உருளை ஒன்று ஆவியில் கொதித்தபடி சுற்றிக்கொண்டே இருக்கும். இரண்டு பெண்கள் ஈர விரிப்பின் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, இழுத்து, சுருக்கமில்லாமல் உருளைக்குள் ஊட்ட வேண்டும். கொஞ்சம் அசந்தால் துணியோடு விரலும் போகும். அவள் கைகள் முழங்கைவரை எப்போதும் வெந்த நிறத்தில் இருக்கும். மாதக் கடைசியில் சம்பளம் கைக்கு வரும். யாரும் படம் எடுக்காமல், யாரும் கைதட்டாமல் வருகிற காசு. அந்தச் சுகத்துக்காகவே அவள் ஒரு நாளும் லீவு போட்டதில்லை.

மகள் சின்ன வயதில் உண்டியலைக் கண்டால் குதிப்பாள். "அம்மா, நான்! அம்மா, நீ!" என்று கடையே திரும்பிப் பார்க்கும்படி கத்துவாள். பள்ளிக்கூடம் போன பிறகு அந்தக் குதிப்பு நின்றது. கூடப் படித்த ஒருத்தி மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் டப்பாவுக்குள் ஒரு காசைப் போட்டுவிட்டு, "இன்னிக்குச் சாப்பிட்டியா?" என்று கேட்டாளாம். அன்று மகள் டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அப்புறம் எந்தக் கடையில் உண்டியல் இருக்கிறது, எந்தக் கடையில் இல்லை என்று அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. இல்லாத கடையில்தான் சாமான் வாங்குவாள், இரண்டு தெரு சுற்றிப் போனாலும் சரி. படித்து முடித்து மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். வேறு இடத்தில் சம்பளம் கூட என்று சொன்னவர்களிடம், "இங்க மனசுக்குப் பிடிச்சிருக்கு" என்றாள். ஏன் பிடித்திருக்கிறது என்று தாய்க்குத் தெரியும்.

அந்தக் கடைக்குத் தன் அப்பாவின் கண்ணாடியைச் சரிசெய்ய வந்தவன்தான் மாப்பிள்ளை. கடைத்தெருவில் பல்பும் ஒயரும் விற்கிற எலக்ட்ரிக் கடைக்காரரின் ஒரே மகன். கண்ணாடி சரியான பிறகும் நாலைந்து தடவை வந்தான். மகளுக்கும் பிடித்திருந்தது. அதிர்ந்து பேசாதவன், கேட்டதற்குப் பதில் சொல்கிறவன், இந்தக் காலத்தில் அதுவே பெரிய விஷயம். வீட்டில் சொல்லி, அம்மா அப்பாவைப் பெண் பார்க்கக் கூட்டிவந்தான்.

இருந்த ஒற்றை அறையைக் கழுவித் துடைத்து, பக்கத்து வீட்டில் நாற்காலி இரவல் வாங்கிப் போட்டிருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்ததிலிருந்து இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷி, வாயும் நீளம், மனசும் வெள்ளை.

"உங்கள எங்கயோ பாத்திருக்கேனே. தினம் பாக்கற முகம் மாதிரி இருக்கு."

"லாண்டரில வேலைங்க. அந்தப் பக்கம் வந்திருப்பீங்க."

"இல்ல இல்ல…" என்று தலையைச் சாய்த்துப் பார்த்தவர், திடீரென்று தொடையில் தட்டிக்கொண்டார். "அட, நம்ம உண்டியல்! என்னங்க, இங்க பாருங்க, நம்ம கடை உண்டியல்ல இருக்கற அம்மா இவங்கதான்!" மகள் பக்கம் திரும்பி அவள் கன்னத்தை வழித்தார். "அப்ப அந்த அழுமூஞ்சிக் குழந்தை நீயாடி கண்ணு? தினம் கடை தொறந்ததும் முதல் காசு உனக்குத்தான் போடுவேன். நான் போட்ட காசுல வளந்த பொண்ணு என் வீட்டுக்கே வருது பாரேன்!"

சொன்னது பாசத்தில்தான். கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது. வேண்டாம் என்று மூஞ்சியில் அடித்திருந்தால்கூட இவள் தாங்கியிருப்பாள். மகள் சிரித்தபடியே கையிலிருந்த டம்ளர் தட்டை யாருக்கும் நீட்டாமல் ஜன்னல் மேடையில் வைத்தாள். மாப்பிள்ளை, "அம்மா, போதும், விடுங்க" என்றான். விடுகிற ஆளா அவர்? போகிறவரைக்கும் அதே பேச்சு. அடுத்த மாதம் அவர்கள் வீட்டுக்குப் போய்த் தேதி குறிப்பது என்று முடிவாயிற்று.

அவர்கள் போனதும் மகள் இரவல் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"எனக்கு அவரப் பிடிச்சிருக்கும்மா. வேணாம்னு சொல்ல மாட்டேன்."

"தெரியும்டி."

"கல்யாணமானா அந்தக் கடைலதான் நானும் உக்காரணும். பக்கத்துல அந்த உண்டியல் இருக்கும். வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் காட்டுவாங்க. நல்ல மனசோடதான் காட்டுவாங்க. ஒவ்வொரு வாய் சோத்தையும் அவங்க போட்டதுன்னு நெனச்சு நான் எப்படிம்மா முழுங்குவேன்?" என்றாள். அப்புறம் குரலை இறக்கி, "அந்தப் படம் போகணும்மா. போகலன்னா இந்தக் கல்யாணம் வேணாம்" என்றாள்.

மகள் தாயிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள். கேட்ட ஒன்றும் இதுவாகப் போயிற்று. மறுநாள் தாய் முதல் தடவையாக வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு அறக்கட்டளைக்குப் போனாள்.

பழைய கிடங்கு பின்பக்கம் அப்படியே இருந்தது. முன்பக்கம் லிப்ட் வைத்த கட்டடம் எழும்பியிருந்தது. வரவேற்பறைச் சுவரில் ஆள் உயரத்துக்கு அவள் படம். கீழே உட்கார்ந்திருந்த பெண் மேலே ஒரு தடவை, இவளை ஒரு தடவை பார்த்துவிட்டு, யாரைப் பார்க்கணும் என்று கேட்டாள். அடையாளம் தெரியவில்லை. இவள் தலை சீவியிருந்தாள் அல்லவா!

செயலாளர் அம்மாவுக்குத் தெரிந்தது. எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார், டீ வரவழைத்தார், மகளுக்குக் கல்யாணம் என்றதும் மனதார சந்தோஷப்பட்டார். படத்தை எடுக்க வேண்டும் என்றதும் கையை விட்டார்.

"உங்களுக்குத் தெரியாததா? நாங்களும் வேற படம் போட்டுப் பாத்தோம். பள்ளிக்கூடம் போற பிள்ளைங்க, தையல் மெஷின்ல உக்காந்திருக்கற பொண்ணுங்க, எல்லாம் சிரிச்ச முகமா போட்டோம். உண்டியல் காத்து வாங்குச்சு. சிரிக்கறவங்களுக்கு எதுக்குக் காசுன்னு ஜனங்க போயிடறாங்க. உங்க படத்தத் திரும்ப ஒட்டினோம், மறுபடி நிறைஞ்சுது. எத்தன குடும்பம் அதுல சாப்பிடுது தெரியுமா?"

"நான் இப்ப பட்டினி இல்லையேம்மா. அந்தப் பிள்ளையும் வளந்து ஆளாயிடுச்சு."

"அதுக்குக் காரணமும் அந்தப் படம்தானே?" என்றார் செயலாளர் அம்மா, மிருதுவாக.

ஆப்பசைத்த குரங்கு மாதிரி உட்கார்ந்திருந்தாள். சோறு போட்ட கையைக் கடிக்கிறாயா என்று அவர் கேட்கவில்லை, கேட்காமலே கேட்டுவிட்டார். கடைசியில் அவர்தான் ஒரு வழி சொன்னார். "இதே மாதிரி மனசத் தொடற படம் ஒண்ணு கிடைச்சா மாத்திடலாம். எங்களுக்கும் பழசாயிடுச்சுன்னு ஒரு எண்ணம் இருக்கு. கிடைக்கணுமே!"

கிடைக்காமலா போகும்? அவள் குடியிருந்த வளவிலேயே, ஒரே வாசலுக்குள் வரிசையாக இருந்த அறைகளில் கடைசி அறையில் ஒருத்தி இருந்தாள். புருஷன் லாரி ஓட்டப் போனவன், லாரி திரும்பி வந்தது, அவன் வரவில்லை. கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஹோட்டலுக்குப் பூண்டு உரித்துக் கொடுத்துக் காலம் தள்ளினாள். அறக்கட்டளைக்கு மூன்று தடவை நடந்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும், அடுத்த தடவை வா என்றார்கள். இவளே சில நாள் தன் குழம்பில் தண்ணீர் ஊற்றி அவளுக்கும் கொடுத்திருக்கிறாள். அன்று சாயங்காலம் போய், "என்கூட வா. ஒரு ஃபோட்டோ எடுப்பாங்க. பை உடனே கிடைக்கும், மாசாமாசம் கிடைக்கும்" என்றாள்.

"ஃபோட்டோவா? எங்களையா?" என்று பூண்டுக்காரி பல் தெரியச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பிலேயே இவளுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. வாழ்நாளில் ஸ்டூடியோவையே மிதிக்காத ஒருத்தி ஃபோட்டோ என்றால் என்னவென்று நினைப்பாள்? குறித்த நாளில் வளவு வாசலில் வந்து நின்றவளைப் பார்த்ததும் இவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாரிடமோ இரவல் வாங்கிய ரோஸ் நிறச் சேலை. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. குழந்தையைக் குளிப்பாட்டி, பவுடர் அப்பி, வீட்டில் கிடந்த காசையெல்லாம் துடைத்துப் பால் வாங்கி வயிறு முட்டப் புகட்டியிருந்தாள்.

"நல்லா இருக்கா அக்கா? ஃபோட்டோல அழுதுடக் கூடாதுன்னு இன்னிக்கு நெறையக் குடுத்துட்டேன்."

தெருவில் வைத்து அந்தச் சேலையைக் கழற்றச் சொல்ல முடியுமா?

கிடங்கில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார வைத்தார்கள். செயலாளர் அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. சேலைக்கு மேல் ஒரு பழைய துண்டைப் போர்த்தினார்கள், தலையைக் கலைத்தார்கள், பவுடரை ஈரத் துணியால் துடைத்தார்கள். பூண்டுக்காரி எதுவும் புரியாமல் எல்லாவற்றுக்கும் தலையைக் கொடுத்தாள். ஆனால் குழந்தையை என்ன செய்வது? வயிறு நிறைந்த குழந்தை உலகத்தையே மன்னிக்கும். காமிராக்காரரைப் பார்த்துச் சிரித்தது. விளக்கைப் பார்த்துச் சிரித்தது. காலை உதைத்துக்கொண்டு எச்சில் வழியச் சிரித்தது. காமிராக்காரர் முறைத்துப் பார்த்தார், அதற்கும் சிரித்தது.

"சரிப்படாதுங்க" என்று அவர் காமிராவைக் கழுத்திலிருந்து கழற்றினார்.

"போகட்டும் விடுங்க. பழைய படமே இருக்கட்டும்" என்றார் செயலாளர் அம்மா. பூண்டுக்காரியிடம், "நீங்க அடுத்த தடவை வாங்கம்மா" என்றார்.

எடுத்து வைத்திருந்த அரிசிப் பையை ஒருவர் திரும்ப உள்ளே தூக்கிக்கொண்டு நடந்தார். பூண்டுக்காரியின் கண் அந்தப் பையின் பின்னாலேயே போயிற்று. இவளுக்கோ கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் மகள் உட்கார்ந்திருப்பது கண் முன்னால் தெரிந்தது. "கொஞ்சம் இருங்க, நான் பாக்கறேன்" என்றாள்.

குனிந்து குழந்தையின் பக்கத்தில் மண்டியிட்டாள். அது அவள் விரலைப் பிடித்துக்கொண்டு இன்னும் பெரிதாகச் சிரித்தது. அவள் விரலை விடுவித்துக்கொண்டு, துண்டுக்கு அடியில் கையை விட்டு, தொடையில் பலமாகக் கிள்ளினாள். குழந்தை ஒரு கணம் மூச்சே விடவில்லை. என்ன நடந்தது என்று நம்ப முடியாதது போல அவளையே பார்த்தது. அப்புறம் கிடங்கு அதிர வீறிட்டது. பெற்றவள் பதறி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்த பார்வையை, அந்தக் காமிராக்காரர் ஆயுளுக்கும் மறக்க மாட்டார். எடுத்தார், எடுத்தார், எடுத்துக்கொண்டே இருந்தார். "அய்யோ, வயித்தப் பிசையுதே" என்று செயலாளர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்று சொல்வார்கள். அங்கே கிள்ள ஒருத்தி, ஆட்ட ஒரு பெரிய நிறுவனம்.

திரும்பும்போது பையின் ஒரு காதை அவளும் மறு காதைப் பூண்டுக்காரியும் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். குழந்தை அழுது ஓய்ந்து தோளில் தூங்கியது. தொடையில் இரண்டு நகத்தடம் சிவப்பாகத் தெரிந்தது. அதைப் பார்க்காமல் இருக்க அவள் ரோட்டையே பார்த்து நடந்தாள்.

வளவு வந்ததும் பூண்டுக்காரி சொன்னாள்: "நான் பாத்தேன் அக்கா."

இவள் பையைக் கீழே வைத்தாள்.

"விடுங்க. நீங்க கிள்ளலன்னா நானே கிள்ளியிருப்பேன். பை உள்ள போயிட்டிருந்துச்சே."

அவள் ஏசியிருந்தால் எவ்வளவோ தேவலை. காறித் துப்பியிருந்தால் இவள் துடைத்துக்கொண்டு போயிருப்பாள். அன்று ராத்திரி இவள் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுப் படுத்தாள். தன்மேல் அருவருப்பாக இருந்தது, அறக்கட்டளைமேல் ஆத்திரமாக இருந்தது, அழுதால்தான் காசு போடுவேன் என்கிற ஊர்மேல் அதைவிட ஆத்திரமாக இருந்தது. ஆனால் வேலை நடந்துவிட்டது. மகள் கேட்ட ஒன்றைச் செய்தாயிற்று.

தேதி குறிக்கப் போகும் நாளுக்குள் ஊரெங்கும் உண்டியலில் படம் மாறிவிட்டது. கடைத்தெருவில் நடக்கும்போது மகள் ஒவ்வொரு கடையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். முகத்தில் அப்படியொரு வெளிச்சம். "எப்படிம்மா மாத்தினாங்க?" என்றாள். "கேட்டேன், மாத்திட்டாங்க" என்றாள் தாய். மகள் தெருவிலேயே அவள் கையைக் கோத்துக்கொண்டாள்.

எலக்ட்ரிக் கடைக்குப் பின்னால்தான் அவர்கள் வீடு. கடை வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். மேசையில் புது உண்டியல் இருந்தது. சம்பந்தியம்மா வாசலுக்கே வந்துவிட்டார்.

"வாங்க சம்பந்தியம்மா, வாம்மா கண்ணு. பாத்தீங்களா, உங்கள மாத்திட்டாங்க! இந்தக் குழந்தையப் பாருங்க, என்ன அழுகை அழுவுது. இந்தப் பச்ச மண்ண இப்படிப் பட்டினி போட எந்தப் பாவிக்கு மனசு வந்துச்சோ!"

"ஆமா" என்றாள் இவள்.

"நீங்க ஒண்ணும் வருத்தப்படாதீங்க. உள்ள வாங்க, ஒண்ணு காட்டறேன்."

உள்ளே கூடத்தில், டி.வி.க்குப் பக்கத்தில், கண்ணாடி அலமாரிக்கு மேல் பழைய உண்டியல் இருந்தது. துரு தேய்த்துப் புதுப் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். படத்துக்கு மட்டும் கண்ணாடித்தாள் ஒட்டிப் பத்திரப்படுத்தி, மேலே ஒரு சின்ன விளக்கும் மாட்டியிருந்தார்கள். எலக்ட்ரிக் கடைக்காரர் வீடு, விளக்குக்கா பஞ்சம்?

"படத்த மாத்த வந்தவங்ககிட்டக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வச்சிட்டேன். இதப் போய்க் குப்பைல போட விடுவேனா? நம்ம மருமக படமாச்சே! வர்ற விருந்தாளிங்க எல்லாரும் பாக்கட்டும். நாளைக்குப் பேரன் பேத்தி வந்தா அதுங்களுக்கு இதுதான் உண்டியல். உங்க அம்மா எங்க இருந்து வந்தான்னு சொல்லிச் சொல்லி வளப்பேன்."

மகளின் கை தாயின் கையிலிருந்து மெல்லக் கழன்றது. அவள் யாரையும் பார்க்கவில்லை. மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கெட்டவன் இல்லை, ஆனால் தன் அம்மாவிடம் இதை எடு என்று சொல்கிறவனும் இல்லை. அது அங்கே இருந்த எல்லாருக்கும் அந்த நிமிஷத்தில் தெரிந்துவிட்டது.

சம்பந்தியம்மா தன் இடுப்பில் சொருகியிருந்த சுருக்குப் பையிலிருந்து ஒரு காசை எடுத்து இவள் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"நல்ல நாளும் அதுவுமா முதல் காசு நீங்களே போடுங்க சம்பந்தியம்மா."

எல்லாரும் சிரித்த முகத்தோடு காத்திருந்தார்கள். அவள் எட்டி, கலைந்த தலையோடு இருந்த அந்தப் பெண்ணுக்கு மேலே இருந்த கீறலில் காசைப் போட்டாள்.